ஆகாயத்தில் வழி காட்டும் பெட்டி: எதுவரை நம்பலாம்?

விமானத்தில் கோளாறு எதுவும் இல்லை. விமானிகள் அனுபவசாலிகள். இறங்க வேண்டிய ஊர் கீழேதான் இருந்தது. ஆனாலும் விமானம் இறங்கவில்லை. வந்த வழியே திரும்பிவிட்டது!

இது நடந்தது 2024-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி. பின்லாந்து நாட்டின் தலைநகரமான ஹெல்சிங்கியில் இருந்து, பக்கத்து நாடான எஸ்தோனியாவில் உள்ள தார்த்து நகருக்கு அந்த விமானம் போயிற்று. மறுநாளும் இதே கதைதான். இரண்டாவது விமானமும் திரும்பியது.

காரணம் என்ன? வானத்தில் உள்ள செயற்கைக்கோள்களிடம் வழி கேட்கும் கருவி வேலை செய்யவில்லை. யாரோ ரேடியோ அலைகளால் அதைக் குழப்பிவிட்டார்கள். ரஷியாதான் இதைச் செய்தது என்று எஸ்தோனியா அரசாங்கம் குற்றம் சாட்டியது.

தார்த்து விமான நிலையத்தில் அந்தக் கருவியை நம்பியே விமானங்கள் இறங்கின. வேறு வழி இல்லை. எனவே பின்லாந்து விமானக் கம்பெனி, ஒரு மாத காலம் அந்த ஊருக்கு விமானம் விடுவதையே நிறுத்தி வைத்தது.

அது பெரிய கம்பெனியின் விமானம். இரண்டு விமானிகள் இருந்தார்கள். திரும்பிப் போக இடம் இருந்தது. ஒரே ஒரு விமானி, தன் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு ஓட்டும் நான்கு பேர் விமானத்துக்கு இப்படி நேர்ந்தால் என்ன ஆகும்?

உலகம் முழுவதும் விமானத் துறை அதிகாரிகள் இப்போது கவலையோடு கேட்கும் கேள்வி இதுதான்.

வழி தெரிவது எப்படி?

இந்தக் கருவிக்கு ஜி.பி.எஸ். என்று பெயர். இன்று கையில் இருக்கும் போனிலும் இது உண்டு. வாடகைக் கார் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பது இதன் தயவால்தான்.

இது வேலை செய்யும் முறை எளிது. மின்னல் வெட்டுகிறது. சிறிது நேரம் கழித்து இடி கேட்கிறது. இரண்டுக்கும் நடுவே எத்தனை விநாடி ஆயிற்று என்று எண்ணினால், இடி விழுந்த இடம் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதே தத்துவம்தான் இது.

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. சுமார் 30 கோள்கள் வேலையில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன். இப்போது மணி இவ்வளவு" என்று அவை ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

அந்தச் செய்தி வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு, கீழே உள்ள கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு கோள்களின் செய்தி கிடைத்தால் போதும். பூமியில் எந்த இடம், எவ்வளவு உயரம் என்பது தெரிந்துவிடும்.

ரேடியோ அலை ஒரு விநாடியில் 3 லட்சம் கிலோமீட்டர் பாய்கிறது. ஆகவே கடிகாரத்தில் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும், இடம் 300 மீட்டர் தவறிவிடும். அவ்வளவு நுட்பமான கணக்கு!

ரஷியா, ஐரோப்பா, சீனா ஆகியவையும் இதே போன்ற கோள்களைப் பறக்க விட்டிருக்கின்றன.

269 உயிர்கள்

முதல் ஜி.பி.எஸ். கோள் 1978-ம் ஆண்டில் ஏவப்பட்டது. அது ராணுவத்துக்காகத் தயாரான திட்டம். பொதுமக்கள் கைக்கு அது வரத் தூண்டுகோலாக இருந்தது ஒரு பெரிய சோகம்.

1983-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி, நியூயார்க்கில் இருந்து அலாஸ்கா வழியாக சியோல் நகருக்குச் சென்ற கொரியப் பயணி விமானம் பாதை தவறியது. சோவியத் எல்லைக்குள் புகுந்தது. சோவியத் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. விமானத்தில் இருந்த 269 பேரும் மாண்டார்கள்.

உலகமே பதறியது. அதே மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் ஒரு அறிவிப்பு வெளியிட்டார். ஜி.பி.எஸ். முழுமை பெற்றதும் எல்லா நாட்டுப் பயணி விமானங்களும் அதை இலவசமாகப் பயன்படுத்தலாம் என்றார்.

ஆனால் முதலில் பொதுமக்களுக்குக் கிடைத்தது கலப்படச் சரக்குதான். எதிரிகள் பயன்படுத்திவிடக் கூடாது என்று, வேண்டும் என்றே சுமார் 100 மீட்டர் வரை தவறு கலந்து கொடுத்தார்கள். 2000-ம் ஆண்டு மே மாதம் ஜனாதிபதி கிளிண்டன் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார். அதன் பிறகு சிறிய விமானங்களிலும் இந்தக் கருவி வேகமாகப் பரவியது.

மூன்று ரகம்

சிறிய விமானத்தில் பார்க்கும் வழிகாட்டிக் கருவிகள் எல்லாம் ஒன்று அல்ல. மூன்று ரகம் உண்டு.

முதல் ரகம், கையில் எடுத்துச் செல்வது. கைக் கருவி, போன், பலகைக் கம்ப்யூட்டர் ஆகியவை இதில் சேரும். விலை குறைவு. படம் அழகாகத் தெரியும். ஆனால் வெயிலில் சூடேறி அணைந்துவிடும். பாட்டரி தீர்ந்துவிடும். கருவி தவறான இடத்தைக் காட்டினால் அதை விமானிக்குச் சொல்லும் என்ற உத்தரவாதம் இல்லை.

இரண்டாவது ரகம், விமானத்தின் கருவிப் பலகையிலேயே பொருத்தியது. ஆனால் மேகத்துக்குள் நம்பிப் போக அனுமதி பெறாதது. "கண்ணால் தரையைப் பார்த்துப் பறக்கும்போது மட்டும்" என்று அதன் பக்கத்தில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டியிருக்கும்.

மூன்றாவது ரகம், பரீட்சையில் தேறி அனுமதி பெற்றது. மேகத்துக்குள்ளும் இதைப் பார்த்து ஓட்டலாம். விலை மிக அதிகம். ஆண்டெனாவை எங்கே வைப்பது என்பதில் இருந்து எல்லாவற்றுக்கும் விதி உண்டு.

இந்த மூன்றாவது ரகத்துக்கும் எல்லைக் கோடு இருக்கிறது. விமானத்தோடு கொடுக்கும் கையேட்டில், "இந்தக் கருவியை இதற்குப் பயன்படுத்தலாம், இதற்குப் பயன்படுத்தக் கூடாது" என்று ஒரு பகுதி எழுதிச் சேர்த்திருப்பார்கள். அதை மீறுவது சட்ட மீறல்.

28 நாள் கணக்கு

அந்த எல்லைகள் என்ன? முக்கியமானவை இவை:

கருவிக்குள் விமான நிலையங்கள், ஓடுபாதைகள், இறங்கும் வழிகள் ஆகியவற்றின் பட்டியல் இருக்கிறது. 28 நாளைக்கு ஒரு முறை புதிய பட்டியல் வெளியாகும். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு மேகத்தின் ஊடே இறங்குவது கூடாது. இறங்கும் வழி மாறியிருக்கலாம். புதிய கோபுரம் எழும்பியிருக்கலாம்.

மேகத்தில் இறங்கும் வழியை விமானி தன் இஷ்டப்படி அமைத்துக்கொள்ளக் கூடாது. பட்டியலில் உள்ளதை அப்படியே எடுக்க வேண்டும். ஒரு எண்ணைத் தப்பாக அழுத்தினால் மலையில் கொண்டு போய் விட்டுவிடும்.

உயரத்துக்கு இந்தக் கருவியை நம்பக் கூடாது. பக்கவாட்டுக் கணக்கைவிட உயரக் கணக்கில் தவறு அதிகம். தவிர, ஆகாயத்தில் எல்லா விமானங்களும் காற்றழுத்தத்தை அளக்கும் உயரமானியைப் பார்த்தே பறக்கின்றன. ஒரு விமானம் மட்டும் வேறு அளவைப் பார்த்தால் மோதல்தான்.

பழைய ரகக் கருவி வைத்திருப்பவருக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. போகும் ஊரில் இறங்க முடியாவிட்டால் போக வேண்டிய மாற்று நிலையத்தில், செயற்கைக்கோள் இல்லாமலே இறங்க வழி இருக்க வேண்டும். அமெரிக்காவில் வெகு காலமாக உள்ள விதி இது. தார்த்து சம்பவத்தைப் படித்த பிறகு, இந்த விதியை எழுதியவர்களின் முன்யோசனை விளங்கும்.

ஐந்தாவது சாட்சி

எல்லாவற்றிலும் பெரிய நிபந்தனை வேறு. தன் தவறைத் தானே கண்டுபிடிக்கும் சக்தி கருவிக்கு இருக்க வேண்டும்.

ஒரு கோளின் கடிகாரம் கெட்டுவிட்டது என்று வையுங்கள். கருவி தவறான இடத்தைக் காட்டும். ஆனால் திரையில் எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். இதுதான் அபாயம்.

இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். கோர்ட்டில் சாட்சிகளை விசாரிப்பது போன்ற தந்திரம்.

இடத்தைச் சொல்ல நான்கு சாட்சிகள் போதும். ஐந்தாவது சாட்சி வந்தால், ஐவர் சொல்வதும் பொருந்துகிறதா என்று ஒத்துப் பார்க்கலாம். பொருந்தாவிட்டால், யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று தெரியும். ஆறாவது சாட்சியும் வந்தால், பொய் சொன்னவர் யார் என்று கண்டுபிடித்து வெளியே தள்ளிவிடலாம்.

எனவே நான்கு கோள்கள் தெரிந்தால் மட்டும் போதாது. ஐந்தாவது கோளோ, அதற்கு ஈடாக உயரமானியின் உதவியோ வேண்டும். போகிற நேரத்தில் அத்தனை கோள்கள் மேலே இருக்குமா என்று புறப்படும் முன்பே கணித்துப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு தவறினால் கருவி கத்த வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. ஊர்களுக்கு நடுவே நெடுந்தூரம் பறக்கும்போது 3.7 கிலோமீட்டர். விமான நிலையத்தை நெருங்கியதும் 1.85 கிலோமீட்டர். ஓடுபாதையை நோக்கி இறங்கும்போது சுமார் 555 மீட்டர்.

இறங்கும்போது எச்சரிக்கை வந்தால் விமானி யோசித்துக்கொண்டு இருக்கக் கூடாது. இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏற வேண்டும்.

இந்தக் காவலை மேலும் பலப்படுத்த, தரையில் நிலையங்கள் அமைத்து, கோள்கள் சொல்வதைச் சரிபார்த்து, திருத்தம் அனுப்பும் ஏற்பாடும் வந்தது. அமெரிக்காவில் 2003-ம் ஆண்டில் அது தொடங்கியது. இந்தியாவில் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து "ககன்" என்ற பெயரில் அதை அமைத்தன. 2015-ம் ஆண்டில், இறங்கும்போது உயரத்துக்கும் வழி காட்ட அதற்குச் சான்று கிடைத்தது. 2022-ம் ஆண்டு ஏப்ரலில் ராஜஸ்தானில் உள்ள கிஷன்கர் நிலையத்தில் ஒரு பயணி விமானம் ககன் காட்டிய வழியில் இறங்கியது.

எல்லா சாட்சியும் பொய் சொன்னால்?

இங்கேதான் இன்றைய சிக்கல் வருகிறது.

இந்தக் காவல் எல்லாம், கோள் பழுதானால் கண்டுபிடிக்க ஏற்பட்டவை. வேண்டும் என்றே கெடுக்க வருபவனை மனதில் வைத்து ஏற்பட்டவை அல்ல.

கோளில் இருந்து வரும் அலை மிகவும் பலவீனமானது. வீட்டில் எரியும் ஒரு மின்சார விளக்கை 20,000 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்தது போன்றது. பக்கத்தில் யாராவது சிறு ரேடியோ பெட்டியை வைத்து இரைச்சல் போட்டால், அந்த அலை அடங்கிவிடும்.

2012-ம் ஆண்டில் அமெரிக்காவில் நெவார்க் விமான நிலையத்தில் இது நடந்தது. பக்கத்துச் சாலையில் போன வண்டி ஒன்றில் அப்படி ஒரு பெட்டி இருந்தது. தான் எங்கே போகிறோம் என்பது முதலாளிக்குத் தெரியக் கூடாது என்று டிரைவர் அதை வைத்திருந்தார். அது விமான நிலையத்தின் கருவியைக் குழப்பியது! அவருக்கு சுமார் 32,000 டாலர் அபராதம் விதிக்க முடிவாயிற்று.

இது வாயை அடைக்கும் வேலை. இதைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு. கோள்களைப் போலவே குரல் மாற்றிப் பேசும் வேலை. கருவி அதை உண்மை என்று நம்பி, விமானம் வேறு இடத்தில் இருப்பதாகக் காட்டும். 2023-ம் ஆண்டு முதல் மேற்கு ஆசியப் பகுதியில் பறக்கும் விமானங்கள் இந்த மோசடிக்கு ஆளாகி வருகின்றன.

வாயை அடைத்தால் கருவி "தெரியவில்லை" என்று சொல்லும். விமானி உஷாராகிவிடுவார். குரல் மாற்றிப் பேசினாலோ, எல்லா சாட்சிகளும் கூடிப் பேசி ஒரே பொய்யைச் சொல்வது போல் ஆகிவிடும். ஐந்தாவது சாட்சியை விசாரித்து என்ன பயன்?

இந்தியாவுக்கும் இது அந்நியம் அல்ல. 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை, பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பகுதிகளில், இப்படி 465 சம்பவங்கள் நடந்ததாகப் பாராளுமன்றத்தில் அரசாங்கம் தெரிவித்தது. 2025 நவம்பரில் டில்லி விமான நிலையத்தின் அருகிலேயே நடந்தது. ஆனால் தரையில் உள்ள பழைய ரேடியோ கருவிகளைக் கொண்டு இறங்கிய ஓடுபாதைகளுக்குப் பாதிப்பு இல்லை.

மேகம் என்னும் பொறி

பெரிய விமானங்களில் வெளியே யாரையும் கேட்காமல், தன் அசைவைத் தானே கணக்கிட்டு வழி சொல்லும் கருவி இருக்கிறது. சிறிய விமானங்களில் பொதுவாக அது கிடையாது. விலை கட்டாது.

சிறிய விமானத்தின் விமானிக்கு வரும் இன்னொரு அபாயம், ஆசை. திரையில் கோடு தெரிகிறது. ஊர் இன்னும் பத்து நிமிஷம்தான். நடுவே மேகம். "கருவி இருக்கிறதே, நுழைந்து போய்விடலாம்" என்று மனம் சொல்லும்.

1954-ம் ஆண்டில் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக் கழகம் ஒரு சோதனை நடத்தியது. கருவியைப் பார்த்து ஓட்டப் பயிற்சி இல்லாத 20 பேரை, மேகத்துக்குள் இருப்பது போல வெளிப் பார்வையை மறைத்து ஓட்டச் சொன்னார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக அதற்கு ஆன நேரம் 178 விநாடி. மூன்று நிமிஷம்கூட இல்லை!

வழிகாட்டிக் கருவி "நீ எங்கே இருக்கிறாய்" என்று சொல்லும். விமானம் நேராக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று சொல்வது அதன் வேலை அல்ல. மேகத்துக்குள் உயிரைக் காப்பது பயிற்சிதான். "கண் பார்வைக்கு மட்டும்" என்ற சின்னச் சீட்டின் பெரிய அர்த்தம் இதுதான்.

பழையதை எறியலாமா?

செயற்கைக்கோள் வந்த பிறகு, தரையில் இருக்கும் பழைய ரேடியோ நிலையங்களைப் பல நாடுகள் மூடி வருகின்றன. பராமரிக்கப் பணம் செலவாகிறது. "கோள் இருக்கும்போது இது எதற்கு?" என்பது அவர்கள் வாதம்.

வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய நிலையங்களில் சில மணிக்கணக்காக யாருக்கும் உதவாமல் நிற்கின்றன. கோள் வழியோ எந்தச் சின்ன ஊருக்கும் போகிறது. சிறிய நிலையங்கள் பிழைத்து இருப்பதே அதனால்தான்.

ஆனால் எல்லாவற்றையும் மூடினால், ஒரே தூணில் நிற்கும் பந்தல் ஆகிவிடும். அமெரிக்கா நடுவழி கண்டிருக்கிறது. பழைய நிலையங்களில் பலவற்றை மூடினாலும், சுமார் 590 நிலையங்களை வைத்துக்கொள்ள முடிவு செய்தது. நாட்டில் எங்கே பறந்தாலும் சுமார் 185 கிலோமீட்டருக்குள், செயற்கைக்கோள் இல்லாமல் இறங்கக்கூடிய ஒரு நிலையம் இருக்க வேண்டும் என்பது திட்டம். இந்தியாவும் குறைந்த அளவு பழைய நிலையங்களைக் காப்பாற்றி வருகிறது.

தார்த்து நகரமும் பாடம் கற்றது. தரையில் உள்ள ரேடியோ கருவியிடம் தூரம் கேட்டு இறங்கும் வழியை அமைத்தார்கள். 2024-ம் ஆண்டு ஜூனில் விமானங்கள் மறுபடியும் வந்தன. புது வித்தை எதுவும் அல்ல. பழைய வித்தைதான் கைகொடுத்தது.

விமானிகளுக்கும் பாடம் உண்டு. புறப்படும் முன்பு காகிதத்தில் வழியை வரைந்து பார்ப்பது, இத்தனை நிமிஷத்தில் இந்த ஆறு வர வேண்டும் என்று கணக்குப் போடுவது, திசைகாட்டியையும் கடிகாரத்தையும் ஒத்துப் பார்ப்பது ஆகியவை பழங்காலப் பழக்கங்கள் என்று சிலர் ஒதுக்கினார்கள். கூடிப் பேசிப் பொய் சொல்லும் சாட்சிகளைப் பிடிக்கக்கூடிய ஆள் இவைதான். கருவி "வலது பக்கம் ஆறு" என்கிறது. ஜன்னலில் ஆறு இடது பக்கம் தெரிகிறது. அந்த நிமிஷத்தில் ஜன்னலைத்தான் நம்ப வேண்டும்.

எல்லை விதிகள் கருவியை அவமதிக்க எழுதியவை அல்ல. அது எதுவரை உண்மை பேசும் என்று அளந்து எழுதியவை. அந்த அளவு தெரிந்த விமானிக்கு அது நல்ல துணை. தெரியாதவருக்கு, இருட்டில் கையைப் பிடித்து நடத்திச் சென்று நடுவழியில் விட்டுவிடும் துணை.